கஜானா காலி என்றால் யாருக்குக் காலி?



‘அரசாங்கத்தின் கஜானா காலி’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் குடியிருப்புகளில் ஓர் அச்சம் பரவுகிறது. வங்கியில் போட்ட பணம் திரும்புமா, பி.எப். பணம் நிலைக்குமா, ஊரில் இருக்கும் தாய்க்கு வரும் முதியோர் உதவித்தொகை நின்று போகுமா என்று கேட்கிறார்கள். 2022-இல் இலங்கை மக்கள் பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு இந்த அச்சம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அச்சப்படுவதில் தவறில்லை. ஆனால் எதைக் கண்டு அச்சப்பட வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

கடன் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை. தண்டல்காரனையும் மீட்டர் வட்டியையும் அடகுக்கடைச் சீட்டையும் அறியாத குடும்பம் நம்மில் எத்தனை? இதைத் தெரிந்துகொண்டுதான் நிதியமைச்சர்கள் நம்மிடம் வீட்டுக் கணக்குப் பேசுகிறார்கள். ‘நாடும் ஒரு வீடு போலத்தான், வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், கஷ்ட காலத்தில் எல்லாரும் வயிற்றைக் கட்ட வேண்டும்’ என்பது அவர்களின் அறிவுரை.

சரி, வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வேலை இல்லாத மாதத்தில் நம் வீட்டில் முதலில் எது நிற்கிறது? அப்பாவின் பீடி நிற்கிறது, தீபாவளித் துணி நிற்கிறது, அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. குழந்தையின் பால் கடைசியாகத்தான் நிற்கிறது. அதை நிறுத்தாமல் இருக்கத்தான் மற்றவை எல்லாம் நிற்கின்றன. அரசாங்கத்தின் வீட்டிலோ குழந்தையின் பால்தான் முதலில் நிற்கிறது. கடன் கொடுத்தவனின் வட்டி கடைசி வரை நிற்பதில்லை. வீட்டையும் நாட்டையும் ஒப்பிடுகிறவர்கள் இந்த ஒரு வேற்றுமையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கஜானா எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை. இதுதான் இக்கட்டுரை சொல்ல வரும் செய்தி. பணம் குறையும்போது அதற்கு ஒரு வரிசை உண்டாகிறது. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, யாருக்கு இல்லை என்ற அந்த வரிசை இயற்கையாக அமைவதன்று; அது அரசியல் முடிவு. அரசியல் முடிவென்றால் அதை மாற்றவும் முடியும்.

1991: நம் நாட்டிலேயே நடந்தது

வெளிநாட்டு உதாரணங்களுக்குப் போகுமுன் நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1980-களில் மத்திய அரசு வரவுக்கு மேல் செலவு செய்துகொண்டே வந்தது. உள்நாட்டில் வாங்கியது போதாமல் வெளிநாட்டிலும், அதுவும் குறுகிய காலத் தவணையில், கடன் வாங்கியது. 1990 ஆகஸ்ட் 2-இல் இராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது. குவைத்திலும் இராக்கிலும் உழைத்துக்கொண்டிருந்த நம்மவர்கள் உடுத்த துணியோடு கிளம்பினார்கள். ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் விமானங்களில் நாடு திரும்பினார்கள். அவர்கள் மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பிய பணமும் நின்றது.

அப்போது இன்னொன்றும் நடந்தது. வெளிநாடுகளில் வசதியாக வாழ்ந்த இந்தியர்கள் அதிக வட்டிக்காக இந்திய வங்கிகளில் டாலர் கணக்கு வைத்திருந்தார்கள். நாடு தள்ளாடுகிறது என்று தெரிந்ததும் 1990-இன் கடைசி மாதங்களிலிருந்து அந்தப் பணம் வெளியேறத் தொடங்கியது. வளைகுடாவில் வெயிலில் நின்றவன் அனுப்பிய பணம் அவன் வேலை போன பிறகுதான் நின்றது. குளிர்சாதன அறையில் இருந்தவனின் பணம் ஆபத்து வாடை அடித்ததுமே பறந்தது. நாட்டுப்பற்றைப் பற்றி நமக்கு உபதேசம் செய்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

1991 சனவரியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 120 கோடி டாலராக இருந்தது. சில மாதங்களில் அது இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் நாடாளுமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது? 1990 நவம்பரில் வி.பி. சிங் ஆட்சி கவிழ்ந்தது. சுமார் 60 உறுப்பினர்களை மட்டும் வைத்துக்கொண்டு, காங்கிரசின் வெளி ஆதரவோடு சந்திரசேகர் பிரதமரானார். பிப்ரவரியில் வர வேண்டிய முழு வரவு செலவுத் திட்டம் வரவில்லை. மார்ச் 4-ஆம் தேதி நிதியமைச்சர் யஷ்வந்த் சின்கா இடைக்காலத் திட்டம் ஒன்றை மட்டும் வைத்தார். இராசீவ் காந்தி வீட்டருகே அரியானா போலீசார் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற சச்சரவில் மார்ச் 6-ஆம் தேதி சந்திரசேகர் பதவி விலகினார். கடன்காரன் வாசலில் நிற்கிறான். வீட்டுத் தலைவர்களோ திண்ணை யாருக்கு என்று சண்டையிடுகிறார்கள். 1991-இன் முதல் பாதி இப்படித்தான் கழிந்தது.

அந்தக் காபந்து அரசின் காலத்தில், மே மாதம், பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தில் 20 டன் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றிடம், திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு விற்கப்பட்டது. மே 21-இல் இராசீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். சூன் 21-இல் நரசிம்மராவ் பிரதமரானார். மன்மோகன் சிங் நிதியமைச்சரானார். சூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் ஏறத்தாழ 47 டன் பம்பாயிலிருந்து விமானம் ஏறிப் போனது. இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அதை அடகு வைத்து வாங்கிய தொகை ஏறத்தாழ 40 கோடி டாலர். சூலை 1, 3 ஆகிய இரண்டு தேதிகளில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு 21 ரூபாயாக இருந்தது 26 ரூபாயை ஒட்டி வந்தது.

தங்கம் போனதைப் பற்றி நாடே பேசியது. தாலியை அடகு வைத்தது போல் இருக்கிறது என்று பெரியவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்தத் தங்கம் பின்னர் மீட்கப்பட்டது. மீட்கப்படாதவை வேறு.

1991 சூலை 24-இல் புதிய வரவு செலவுத் திட்டம் வந்தது. உர விலை 40 விழுக்காடு ஏற்றப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சமையல் எரிவாயு விலை 20 விழுக்காடு ஏறியது. ரேஷன் சர்க்கரை கிலோவுக்கு 85 காசு கூடியது. ஆகஸ்டில் விலைவாசி ஏற்றம் 17 விழுக்காட்டை ஒட்டி நின்றது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு ரேஷனுக்குத் தரும் சாதாரண அரிசியின் விலை குவிண்டாலுக்கு 289 ரூபாயிலிருந்து 377 ரூபாயானது. 1993 சனவரியில் 437 ரூபாயானது. அந்த நிதியாண்டில் நாட்டின் வளர்ச்சி ஒன்றரை விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதாவது வேலை சுருங்கிய அதே ஆண்டில் அரிசி விலை ஏறியது.

வெளிநாட்டுக் கடன்காரர் எவருக்கும் ஒரு தவணைகூடத் தவறவில்லை. இதை இன்றுவரை பெருமையாகச் சொல்கிறார்கள். தவணை தவறியது யாருக்கு என்பதைத்தான் சொல்வதில்லை.

‘வேறு வழி இல்லை’ என்ற வாதம்

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் நியாயமான பகுதியும் உண்டு. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. கடன்காரனுக்குத் தவணை தவறினால் அடுத்த எண்ணெய்க் கப்பல் வராது. எண்ணெய் வராவிட்டால் லாரி ஓடாது. லாரி ஓடாவிட்டால் ஏழையின் தட்டுக்கே முதலில் பஞ்சம் வரும். ஆகவே கடன்காரனுக்குக் கொடுப்பதே ஏழைக்குக் கொடுப்பதுதான் என்கிறார்கள்.

1991 சூலையில் இந்த வாதத்துக்கு வலு இருந்தது. கையிருப்பு தீர்ந்த நாட்டுக்கு எண்ணெய் கடனாகத்தான் வர வேண்டும். ஆனால் இரண்டு கேள்விகள் மிச்சம் நிற்கின்றன. நிலைமை அவ்வளவு முற்றும் வரை வளர்த்தது யார்? டாலரைப் பாதுகாத்த பிறகு உள்நாட்டில் சுமையைப் பங்கிட்டபோது, ரேஷன் அரிசியும் சர்க்கரையும் முதலில் கண்ணில் பட்டது ஏன்? முதல் முடிவு அவசரத்தில் எடுத்ததாக இருக்கலாம். இரண்டாவது நிதானமாக உட்கார்ந்து எடுத்தது.

அதன் தொடர்ச்சியாக, செலவைக் குறைக்கும் அதே பாதையில், 1997 சூனில் ரேஷன் முறையே மாற்றப்பட்டது. எல்லாருக்கும் பொது என்றிருந்ததை ‘வறுமைக் கோட்டுக்குக் கீழ்’, ‘மேல்’ என்று இரண்டாக வெட்டினார்கள். நிலையான முகவரி இல்லாதவர்கள், ஊருக்கு ஊர் போய் வேலை செய்கிறவர்கள், வாடகைக் குடிசைக்காரர்கள் ஆகியோர் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று யார் அளந்தார்கள்? நம்மைப் போன்றவர்கள்தான் அந்தக் கோட்டில் வழுக்கி விழுந்தோம்.

இலங்கை: கடைசி டாலர் யாருக்குப் போனது?

‘கடன்காரனுக்குக் கொடுத்தால் நாடு பிழைக்கும்’ என்ற வாதத்தை இலங்கையின் அனுபவத்தில் உரைத்துப் பார்க்கலாம்.

2019 டிசம்பரில் கோத்தாபய இராஜபக்ச அரசு வரிகளை வெட்டியது. பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. அடுத்து வந்த கொரோனாவில் சுற்றுலா வருமானமும் போனது. 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடுத்து விவசாயத்தையும் கெடுத்தார்கள். வெளிநாட்டுக் கடன் 5,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2021-இன் இறுதியிலேயே பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இந்த நிலையில் 2022 சனவரி 18-ஆம் தேதி தவணை முடிந்த பத்திரங்களுக்காக இலங்கை அரசு 50 கோடி டாலரை எடுத்துக் கொடுத்தது. ‘அந்தப் பணத்தை மருந்துக்கும் உணவுக்கும் வையுங்கள், கடன்காரர்களிடம் இப்போதே பேசுங்கள்’ என்று அந்நாட்டுப் பொருளாதார அறிஞர்கள் பலர் சொன்னார்கள். கேட்கவில்லை. மூன்று மாதம் கழிந்தது. ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அதே அரசு அறிவித்தது. கொடுத்த 50 கோடி டாலரால் நாடு பிழைக்கவில்லை. மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப் போயின. சூன் கடைசியில் இன்றியமையாத சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 70 விழுக்காட்டை ஒட்டியது.

அந்நாட்டு மலையகத் தமிழரை நாம் இங்கே நினைக்க வேண்டும். நாம் பிழைப்புக்காக வடக்கே ரயிலேறியது போல, அவர்களின் முன்னோர் பிழைப்புக்காகத் தெற்கே கப்பலேறினார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக் கணக்கில் போராடி 2021 மார்ச்சில் அதைப் பெற்றார்கள். மறு ஆண்டே அந்த 1,000 ரூபாய் உருகிப் போனது. 200 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 360 ரூபாயானது. மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டாமல் போயின. சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. அது 1,350 ரூபாயானது 2024-இல்தான்.

2023-இல் இலங்கை அரசு உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தது. வங்கிகளிடம் இருந்த கருவூலப் பத்திரங்களைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே சுமை தாங்கிவிட்டன, இனியும் தாங்காது என்றார்கள். தொட்டது எதை? தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதியை. பழைய பத்திரங்களைக் கொடுத்துக் குறைந்த வட்டிப் பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் அந்த நிதியின் வருமானத்துக்கு 14 விழுக்காடு வரி 30 விழுக்காடாகும் என்பது நிபந்தனை. இருப்பில் கை வைக்கவில்லை, 9 விழுக்காடு வட்டி உண்டு என்று அரசு விளக்கம் சொன்னது. அந்த விளக்கம் உண்மைதான். ஆனால் வரும் ஆண்டுகளில் கிடைத்திருக்க வேண்டிய வட்டி குறைந்ததும் உண்மைதான். கொழுந்து பறித்து ஓய்வு பெறப் போகும் ஒரு தாயின் கணக்கிலிருந்து அது குறைந்தது.

மக்கள் வீதிக்கு வந்து குடியரசுத் தலைவரையே நாட்டை விட்டு ஓட வைத்தார்கள். அது சாதாரணச் சாதனையன்று. ஆனால் ஆள் மாறிய பிறகும் வரிசை மாறவில்லை. இதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

பணக்கார நாட்டுப் பூட்டு

இது ஏழை நாடுகளின் தலைவிதி என்று எண்ணிவிட வேண்டாம். உலகத்திலேயே பெரிய பொருளாதாரமான அமெரிக்காவில் பணம் இருந்தும் கஜானாவைப் பூட்டுகிறார்கள். காங்கிரஸ் எனப்படும் அவர்களது நாடாளுமன்றம் செலவு மசோதாவை உரிய தேதிக்குள் நிறைவேற்றாவிட்டால் அரசு அலுவலகங்கள் மூடப்படும். மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டும் செலவைப் பற்றிய சண்டையில் 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் மூடினார்கள். சுமார் 8 லட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளமில்லாமலே வேலை செய்தார்கள்.

பூட்டு திறந்ததும் நிரந்தர ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளம் சட்டப்படி கிடைத்தது. அதே கட்டடங்களில் ஒப்பந்தக்காரர்களின் கீழ் தரை துடைத்தவர்கள், காவல் நின்றவர்கள், உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவியவர்கள் ஆகியோருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 35 நாள் கூலி போனது போனதுதான். 2025-இல் அக்டோபர் 1 முதல் மீண்டும் 43 நாள் மூடினார்கள். நவம்பரில் 4 கோடிக்கு மேற்பட்ட ஏழைகள் நம்பியிருந்த உணவு உதவியே தடுமாறியது. அந்த 43 நாளிலும் அமெரிக்க அரசுப் பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு வட்டி குறித்த தேதியில் போய்ச் சேர்ந்தது. அங்கே கஜானா காலியாகவே இல்லை. ஆனாலும் வரிசை இருந்தது. வரிசையின் கடைசியில் ஒப்பந்தத் தொழிலாளி நின்றான்.

ஒப்பந்தத் தொழிலாளி என்பவன் யார்? நம்மில் பாதிப் பேர்.

இன்று நம்மைச் சுற்றி இருக்கும் பூட்டுகள்

இன்றைய இந்தியா 1991 இந்தியா அன்று. அந்நியச் செலாவணிக் கையிருப்பு அன்றைக்கிருந்ததைப் போலப் பல நூறு மடங்கு. அரசின் கடனில் மிகப் பெரும் பகுதி உள்நாட்டிலேயே, ரூபாயில் வாங்கியது. நாளைக் காலையில் நாடு திவாலாகும் என்று வாட்ஸாப்பில் வரும் வதந்தியைக் கண்டு யாரும் வங்கிக்கு ஓட வேண்டியதில்லை.

ஆயினும் வரிசை இங்கேயும் உண்டு. 2025-26-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டிக்கே போகிறது என்று அரசே அச்சிட்டுக் கொடுத்தது. உணவு, உரம் முதலான முக்கிய மானியங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 6 காசு. வட்டி கட்டவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ‘மானியத்தால்தான் நாடு கெடுகிறது’ என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான மல்லுக்கட்டு இன்னொரு பூட்டு. நூறு நாள் வேலைச் சட்டப்படி 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றிருந்தது. முறைகேடுகள் நடந்தன என்று காரணம் காட்டி 2022 மார்ச் முதல் மேற்கு வங்காளத்துக்கு மத்திய அரசு அந்தப் பணத்தை நிறுத்தியது. முறைகேடு செய்தவனைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் மண் வெட்டியவனின் கூலியை ஏன் நிறுத்த வேண்டும்? இரண்டு ஆண்டுகள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். 2024-இல் மாநில அரசு தன் கையிலிருந்து 21 லட்சம் பேருக்குப் பாக்கி கொடுப்பதாக அறிவித்தது. வேலையை மறுபடி தொடங்குமாறு 2025 சூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலிப் பாக்கி பல மாதம் நின்றது. வர வேண்டியது 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு கணக்குச் சொன்னது. ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ ‘இன்னும் கூலி ஏறவில்லை’ என்று போன் செய்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் புதிய சட்டம் வந்தது. அதில் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். சாவி இரண்டு கையில் இருந்தால் பூட்டுத் திறக்க இன்னும் தாமதமாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது பூட்டு நம் சொந்தப் பணத்தின் மேலேயே தொங்குகிறது. 1996-இல் வந்த சட்டப்படி, கட்டடம் கட்டுகிறவர்கள் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கட்டடத் தொழிலாளர் நலனுக்காகத் தீர்வையாகக் கட்டி வந்தார்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயின்ட் அடிப்பவர் ஆகியோரின் பிள்ளைகளின் படிப்புக்கும், பிரசவத்துக்கும், விபத்துக்கும், முதுமைக்கும் உரிய பணம் அது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டிருந்தும் சுமார் 9,500 கோடிதான் செலவானது என்பதை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஏறத்தாழ 28,000 கோடி ரூபாய் சும்மா கிடந்தது. கஜானா காலி என்று நம்மிடம் சொன்ன அதே ஆண்டுகளில் நம் பெயரில் இவ்வளவு பணம் தூங்கிக்கொண்டிருந்தது!

காரணம் என்ன? பணம் இருந்தது, பெயர்ப் பதிவு இல்லை. வேலை செய்த ஊரில் முகவரிச் சான்று இல்லை. மேஸ்திரி 90 நாள் வேலை பார்த்ததாக எழுதிக் கொடுக்கவில்லை. ஓட்டு ஊரில் இருக்கிறது. ஆள் இங்கே இருக்கிறான். ஓட்டில்லாதவனுக்காக எந்தச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகப் படி ஏறுவார்? வரிசையில் கடைசியாக நிற்பதுகூட ஓர் இடம்தான். நம்மில் பலருக்கு வரிசையிலேயே இடமில்லை.

வரிசையை மாற்ற முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1997-இல் ரேஷனை இரண்டாக வெட்டச் சொன்னபோது, தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. எல்லாருக்கும் பொது விநியோகம் என்ற முறையைத் தன் செலவில் தொடர்ந்தது. அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, கடன் ஏறியது, கஜானா காலி என்ற பேச்சும் பல முறை வந்தது. ஆனால் ரேஷன் கடையை மூடத் துணிந்த முதலமைச்சர் யாரும் இல்லை. காரணம் அவர்களின் கருணை மட்டுமன்று. அரிசியில் கை வைத்தால் ஆட்சி போகும் என்ற பயத்தை மக்கள் உண்டாக்கி வைத்திருந்தார்கள். நாட்டுக்கு ஒரே சட்டம், ஒரே நெருக்கடி. மற்ற இடங்களில் அரிசி வரிசையின் கடைசிக்குப் போனது. தமிழ்நாட்டில் முன்னால் நின்றது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஆகவே கடனைக் கண்டு மிரள்வதும், தலைவர்களின் சண்டையைத் தொலைக்காட்சியில் வேடிக்கை பார்ப்பதும் நம் வேலையல்ல. நம் வேலை மூன்று.

முதலாவது, வரிசையில் நம் பெயரை ஏற்ற வேண்டும். பழைய சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டாலும் கட்டடத் தீர்வையும் நல வாரியமும் நீடிக்கின்றன. நாக்காவில் நிற்கும் ஒவ்வொரு தமிழ்த் தொழிலாளியும் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். பதியாதவரைக் கூட்டி வாருங்கள். ரேஷன் அட்டையை வேலை செய்யும் ஊரில் பயன்படுத்தும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். சங்கத்துக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது. பொங்கல் விழாவை அடுத்த ஆண்டும் நடத்தலாம்.

இரண்டாவது, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘பணம் குறைந்தால் முதலில் எதை நிறுத்துவீர்கள்?’ என்பதே அக்கேள்வி. என்ன கொடுப்பேன் என்று சொல்ல எல்லாருக்கும் தெரியும். எதை நிறுத்துவேன் என்று சொல்லச் சொல்லுங்கள். அங்கேதான் அவரது கட்சி யாருடைய கட்சி என்பது தெரியும்.

மூன்றாவது, ஒரு கோரிக்கையை நாடு முழுவதும் உள்ள உழைப்பாளர் அமைப்புகளோடு சேர்ந்து எழுப்ப வேண்டும். செய்த வேலைக்கான கூலி, ரேஷன் உணவு, அரசு மருத்துவமனை மருந்து, தொழிலாளியின் சேமிப்பு ஆகிய நான்கும் எந்த நெருக்கடியிலும், எந்த அரசியல் சச்சரவிலும் நிறுத்தக் கூடாதவை என்று சட்டம் சொல்ல வேண்டும். வட்டிக்கு அந்த உரிமை ஏற்கெனவே இருக்கிறது. பட்ஜெட்டில் நாடாளுமன்றத்தின் ஓட்டெடுப்புக்கே உட்படாமல், தானாகவே கழிக்கப்படும் செலவு அது. அரசியல் சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. பத்திரம் வைத்திருப்பவனுக்கு அந்தக் காப்பு நியாயம் என்றால், மண்வெட்டி பிடித்தவனுக்கு அது எப்படி அநியாயமாகும்?

நாட்டின் கடனில் நமக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். ஒப்புக்கொள்வோம். சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டி அந்தக் கடனை நாமும் அடைத்து வருகிறோம். கடனில் பங்கு உண்டென்றால் கணக்கிலும் பங்கு உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் மத்திய பட்ஜெட்டையும், நாம் வாழும் மாநிலத்தின் பட்ஜெட்டையும், தமிழ்நாட்டு பட்ஜெட்டையும் யாராவது ஒரு படித்த இளைஞர் எல்லாருக்கும் புரியும்படி படித்துக் காட்டட்டும். கேள்வி கேட்பவர்கள் கேட்கட்டும். தாய்மார்கள் முன்வரிசையில் வந்து உட்காரட்டும். குழந்தையின் பாலைக் கடைசி வரை நிறுத்தாமல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.